காதல் நாடகமும் கைவிலங்கும்

காதல் கதையைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சுமா? அஞ்சியது!

தினைப்புனத்தில் குறமகள் ஒருத்தி பறவை ஓட்டுகிறாள். வேடனாகவும் கிழவனாகவும் வேடம் மாற்றி வந்து வேலன் அவள் கரம் பற்றுகிறான். கந்தபுராணம் கூறும் இந்தக் கதைக்கும், கடல் கடந்து வந்து நம்மை ஆண்ட வல்லரசுக்கும் என்ன பகை? ஆயினும், வள்ளி திருமணத்தில் நடித்த ஒருவரை அந்த அரசு திரும்பத் திரும்பச் சிறையில் அடைத்தது. அவர்தாம் தியாகி விசுவநாததாஸ்.

1886-ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தவர் அவர். மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலத்தில் வாழ்ந்தவர். அந்நாளில் தமிழ் நாடகத்துக்கு மதுரையே தாய்வீடு. சங்கரதாஸ் சுவாமிகள் தம் பால சபையை 1918-இல் தொடங்கியதும் இங்கேதான். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்று அவர் ஆக்கித் தந்த நாடகங்களை, அறுவடை முடிந்த வயல்வெளிகளில் கூடிய மக்கள் விடிய விடியக் கண்டனர்.

அந்த மக்களுக்குக் கதை முன்பே தெரியும். ஆகவே, கதைக்குள் புதிதாக எது நுழைந்தாலும் அவர்கள் காது உடனே அதைப் பிடித்துக்கொள்ளும். விசுவநாததாஸ் கண்ட சூட்சுமம் இதுதான். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டம் வரும். மேடையிலே விரட்டப்படுவது வெள்ளைக் கொக்கு. கீழே அமர்ந்திருக்கும் உழவனோ, தன் விளைச்சலைக் கொத்திச் செல்லும் வெள்ளைக்காரனைப் புரிந்துகொண்டான். பாட்டை எழுதித் தந்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். பொருளை முடித்து வைத்தவர்கள் பாமர மக்கள்! 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் சிந்திய இரத்தத்தின் கதையும் இப்படித்தான், பத்திரிகை படிக்கத் தெரியாத பட்டிக்காட்டு மக்களின் செவிக்குச் சென்றது.

நாடகங்களை அடக்குவதற்கென்றே 1876-இல் சட்டம் செய்திருந்த ஆட்சி சும்மா இருக்குமா? கைது, வழக்கு, சிறை. வெளியே வருவார், மறுபடி மேடை ஏறுவார், அதே பாட்டைப் பாடுவார், மறுபடி சிறை. சிறையில் கழிந்த நாளுக்கு நடிகனுக்கு ஊதியம் ஏது? கடன் வளர்ந்தது. பாட்டை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

மற்றொரு சிறையையும் நாம் மறைக்கக் கூடாது. அவர் முடிதிருத்தும் தொழில் செய்வோர் குலத்தில் பிறந்தவர். அதைக் காரணம் காட்டி அவருடன் இணைந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தனர். மேடையிலே முருகன் என்று கைகூப்பினர். மேடையை விட்டு இறங்கியதும் சாதி கேட்டனர்! அந்த வேளையில், துணிந்து உடன் நடிக்க முன்வந்தவர்களில் ஒருவர் மதுரையின் கே. பி. ஜானகி அம்மாள். பிற்காலத்தில் பாட்டாளி மக்களின் தலைவியாகி, 1967-இல் சட்டமன்றம் சென்றவர். வெள்ளையன் விதித்த தண்டனைக்கு விடுதலை நாள் உண்டு. சாதி விதித்த தண்டனைக்கு அதுவும் இல்லையே!

1940 டிசம்பர் 31. சென்னையில் வள்ளி திருமணம். மயில்மீது அமர்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருந்த விசுவநாததாஸின் உயிர் அந்த மேடையிலேயே பிரிந்தது. அவர் கனவு கண்ட விடுதலை வர இன்னும் ஏழாண்டுகள் கூட முழுதாக இல்லை.

தினைப்புனக் காதலைப் பாடியது நம் பழந்தமிழ். கணவனை இழந்த கண்ணகி அரசனிடம் நீதி கேட்ட ஊர் மதுரை. காதலும் கலகமும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. இரண்டையும் ஒரே குரலில் பாடிக் காட்டினார் விசுவநாததாஸ்.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. பறவை ஓட்டும் கட்டம் வரும்போது அவரை நினைப்போம். அவர் பாடி விரட்டிய வெள்ளைக் கொக்கு பறந்துவிட்டது. அவரைத் தள்ளி நிறுத்திய சாதிக் கழுகு இன்னும் பறக்கவில்லை. அதை ஓட்டுவது நம் வேலை.