பேக்கலைட் தந்த லியோ பேக்லாந்து

பழைய வீடுகளின் சுவர்களில் கருநிற மின் ஸ்விட்சுகளை நாம் பார்த்திருக்கிறோம். மின்சாரம் நம் விரலைத் தீண்டாமல் காத்த அந்தக் கரிய பொருளே பேக்கலைட். அதை உலகிற்கு வழங்கியவர் லியோ பேக்லாந்து என்னும் விஞ்ஞானி.

பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் 1863-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் பிறர் வீட்டில் பணிபுரிந்தவர். வறுமை அவரது கல்விக்குத் தடையாகவில்லை. உதவித்தொகை பெற்றுக் கென்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, 21-ஆம் வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். 1889-இல் அமெரிக்கா சென்றார். விளக்கொளியிலேயே படம் அச்சிட உதவும் வெலாக்ஸ் என்ற புகைப்படத் தாளை உருவாக்கி, 1899-இல் அதன் உரிமையை ஈஸ்ட்மனுக்கு விற்றுச் செல்வரானார். ஆயினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. யாங்கர்ஸ் நகரிலிருந்த தம் இல்லத்தில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு உழைத்தார்.

அக்காலத்தில் மின்சாரக் கருவிகளுக்குக் காப்பாகப் பயன்பட்டது அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. மின்சாரம் பரவப் பரவ அதன் தேவை பெருகியது. அதற்கு மாற்றுப் பொருளைத் தேடினார் பேக்லாந்து. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தால் ஒரு பிசின் உண்டாவதை 1872-இலேயே ஜெர்மானிய அறிஞர் பேயர் கண்டிருந்தார். ஆனால் பயனற்றதென விட்டுவிட்டார். பேக்லாந்தோ வெப்பத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி, 1907-இல் அதனை வேண்டிய வடிவில் இறுகச் செய்தார். அதன் மூலக்கூறுகள் வலைபோல் பின்னிக்கொள்வதால், ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருகுவதில்லை. தொலைபேசி, வானொலிப் பெட்டி, பாத்திரக் கைப்பிடி என எங்கும் அது இடம்பெற்றது. 1944 பிப்ரவரி 23-இல் அவர் மறைந்தார்.

பேக்லாந்து தேடியது நெடுங்காலம் உழைக்கும் பொருளை. 1933-இல் இங்கிலாந்தில் பிறந்த பாலிதீனும் எளிதில் அழியாதது. அதிலிருந்து செய்த பையையோ நாம் சற்று நேரமே பயன்படுத்தி எறிந்துவிடுகிறோம். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகர் வழியே நாமக்கல் சென்று காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றில் விழும் பை மக்குவதில்லை. வெயிலில் நொறுங்கி நுண்துகளாகிறது. இத்தகைய துகள்கள் மனித இரத்தத்திலும் இருப்பதை 2022-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எரித்துவிடலாம் என்றாலோ, பி.வி.சி. போன்றவற்றின் புகையில் டையாக்சின் என்னும் நஞ்சு கலந்திருக்கிறது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. சட்டம் மட்டும் போதுமா? ஃபேர்லேண்ட்ஸ் கடைவீதிக்குச் செல்லும்போது மஞ்சள் துணிப்பையை மறவாமல் எடுத்துச் செல்வது நம் கையில்தான் இருக்கிறது. நீடித்து உழைக்கும் பொருளை நீண்ட நாள் பயன்படுத்துவதே, அதற்காக உழைத்த அறிஞருக்கு நாம் செய்யும் மரியாதை.