நடுவயதிற் சட்டங் கற்ற தாமோதரனார்

யாழ்ப்பாணத்திலே புத்தூரை அடுத்த சிறுப்பிட்டி என்னும் ஊரில், வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் புதல்வராக 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் தோன்றியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். ஏட்டிலே கிடந்து அழிய இருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியார் என அவரைத் தமிழுலகம் போற்றும். அவர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், நடுவயதிலே சட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தார். நம் சங்கத்து இளைஞரும் மூத்தோரும் ஒருங்கே சிந்தித்தற்குரியது அப்பகுதி.

இளமையிலே சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கற்றார். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். கோப்பாயிற் சிலகாலம் ஆசிரியராயிருந்தபின், பேர்சிவல் துரையின் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியோர் இருவர். ஒருவர் இவர்; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்ற ஈழத்தவரே.

பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டையில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் கணக்குச் சாலையில் அமர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். பத்திரிகை, கல்வி, கணக்கு என மூன்று தொழில்களைக் கண்டாயிற்று. மாதச் சம்பளம் தவறாது வரும் உத்தியோகம், ஊரிலும் மதிப்பு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. அவ்வழக்கின்படி அவர் அங்கேயே அமைதியாக இருந்து இளைப்பாறியிருக்கலாம்.

அவ்வாறு இருந்தாரில்லை. உத்தியோகத்தை வகித்துக்கொண்டே சட்டநூல்களைக் கையிலெடுத்தார். அக்காலம் சட்டம் பயில்வார்க்கு எளிதான காலமன்று. 1859இல் சிவில் வழக்கு நடைமுறைச் சட்டம், 1860இல் இந்தியத் தண்டச் சட்டக்கோவை, 1861இல் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம், 1865இல் வாரிசுரிமைச் சட்டம் எனப் புதுச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. சென்னை உயர்நீதிமன்றமும் 1862இலேதான் தோன்றிற்று. பகலெல்லாம் கணக்கேட்டோடு மல்லாடிய ஒருவர், தம்மினும் மிக இளையோர் எழுதும் பரீட்சைக்கு இவற்றையெல்லாம் கற்றல் எத்துணை அருமையென்பது பரீட்சை எழுதியோர்க்கு விளங்கும். 1871இல் பி. எல். பரீட்சையிற் சித்தியெய்தினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 39.

உத்தியோகத்தை விடுத்துக் கும்பகோணஞ் சென்று நியாயவாதியாகத் தொழில் நடத்தினார். பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்து 1890இல் இளைப்பாறினார். 1895இல் ராவ்பகதூர்ப் பட்டம் அவரை நாடி வந்தது.

இனி, அத்தொழில் மாற்றத்தால் தமிழ் பெற்ற பயனைப் பார்ப்போம். 1868இலேயே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, இவர் வெளியிட்டார். நாவலர் 1879இற் சிவபதமடைந்தபின் அப்பெருஞ் சுமையைத் தாமே தோளில் ஏற்றார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வெளிவந்தன. இவற்றுட் பெரும்பாலன அவர் சட்டத்துறையில் அமர்ந்திருந்த காலத்தின் விளைவே. ஏடு தேடவும் அச்சிடவும் பெரும்பொருள் வேண்டும். சட்டத்தால் ஈட்டிய பொருளைத் தமிழுக்கு ஈந்தார். ஒன்றோடொன்று முரண்படும் ஏடுகளை ஒப்புநோக்கி, எப்பாடம் ஏற்கத்தக்கதெனத் தீர்ப்பதும், சாட்சிகளை விசாரித்து உண்மை காணும் நீதிபதியின் தொழிலையே ஒக்கும்.

மிஷன் பாடசாலைகளிற் பயின்ற அவர் பின்னாளிற் சைவநெறி நின்றார். ஏழாலையிற் சைவப் பிள்ளைகளுக்காகப் பாடசாலை ஒன்றையும் நிறுவினார். 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இறைவனடி சேர்ந்தார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று கூறும் மூத்தோர் இவ்வாழ்வைச் சற்று எண்ணிப்பார்ப்பாராக. உத்தியோகத்திலமர்ந்த மகன் மீண்டும் புத்தகத்தை விரித்தால், அதனை அவன் நிலையின்மையென்று இகழவேண்டா. இளைஞர்காள், நாமும் ஒன்றைக் கருத்திற்கொள்வோம். கையிலுள்ள வேலையை முதலில் எறிந்துவிட்டு அவர் சட்டத்தைத் தேடினாரல்லர். வேலையைச் செவ்வனே செய்துகொண்டே கற்றார். சித்தியெய்திய பின்பே மாறினார். மாறியபின் பெற்ற செல்வத்தையும் தமக்கென மட்டும் வைத்துக்கொண்டாரல்லர். தொழிலை மாற்ற எண்ணுவோர் அவர் துணிவோடு அப்பொறுமையையும் அவ்வீகையையும் சேர்த்தே பின்பற்றுவாராக.

வாழ்க தாமோதரனார் திருநாமம்!