ஏழு ஆண்டில் ஒருவர்

ஹவுராவில் இருந்து பர்த்துவான் போகும் லோக்கல் ரெயிலில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் சீராம்பூர் வந்து விடும். ஹூக்ளி நதிக்கரையில் உள்ள அந்த ஊரில்தான் வில்லியம் கேரி அடக்கம் செய்யப்பட்டு இருக்கிறார்.

கேரி 1761-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி இங்கிலாந்தில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. செருப்பு தைக்கும் தொழில் பழகினார். தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்க மொழிகளைத் தானாகக் கற்றார். பிறகு பாப்டிஸ்டு சபை போதகர் ஆனார்.

ஏசுவின் நற்செய்தியை உலகத்தார் அனைவருக்கும் சொல்வது கிறிஸ்தவர்களின் கடமை என்று 1792-ல் ஒரு நூல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே தாமே கப்பல் ஏறினார்.

மனைவியின் துயரம்

மனைவி டாரதிக்கு வர மனம் இல்லை. கைக்குழந்தை வேறு. கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார். 1793 நவம்பரில் கல்கத்தா வந்தார்கள். கையில் இருந்த பணம் கரைந்தது. கேரி வடக்கு வங்காளத்தில் ஒரு அவுரி ஆலையில் மேனேஜர் வேலைக்குப் போனார். அங்கே 5 வயது மகன் பீட்டர் சீதபேதியால் இறந்தான். டாரதியின் மனநிலை பாதிக்கப்பட்டது. 1807-ல் இறக்கும்வரை அவர் தேறவே இல்லை. கேரியின் தொண்டுக்கு அந்த அம்மாள் கொடுத்த விலை பெரிது.

கேரி வங்காளம் பேசக் கற்றார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்டவர்கள் உண்டு. சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. இப்படியே 6 ஆண்டுகள் ஓடின.

தச்சர் வந்தார்

கிழக்கு இந்தியக் கம்பெனி மிஷனரிகளை விரும்பவில்லை. அதனால் 1800-ல் கேரி, டேனிஷ்காரர் ஆட்சியில் இருந்த சீராம்பூருக்குக் குடிபோனார். அங்கே கிருஷ்ண பால் என்ற தச்சர் வழுக்கி விழுந்து தோள்மூட்டு பிசகியது. கேரியின் தோழர் டாக்டர் தாமஸ் அதைச் சரி செய்தார். நற்செய்தியும் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, ஹூக்ளி நதியில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார். கேரி வந்து 7 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்தான் முதல் ஆள்.

1801-ல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. அதே ஆண்டு வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தின் பெரும் பகுதியை மிஷனுக்கே கொடுத்தார்.

1812 மார்ச் 11-ந் தேதி அச்சகம் தீப்பிடித்தது. பல ஆண்டு உழைத்த கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. உருகிக் கிடந்த உலோகத்தை எடுத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். கேரி எரிந்ததை மறுபடி எழுத உட்கார்ந்தார்.

1834 ஜூன் 9-ந் தேதி சீராம்பூரில் காலமானார். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுப்பவர்கள் நாம். வந்த 41 ஆண்டுகளில் கேரி ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்திருந்தால், அவர் ஆறாம் ஆண்டே கப்பல் ஏறி இருப்பார். சொல்வது தன் வேலை என்று இருந்தார். ஏழாம் ஆண்டு தச்சர் வந்தார்.