தமிழ் வைத்தியர் சாமுவேல் கிறீன்

பிறர் துயர் துடைத்தற்பொருட்டுத் தம் நாட்டையும் சுற்றத்தையும் நீத்துச் சென்றோர் சிலர். அங்ஙனம் சென்ற நாட்டின் மொழியையும் தம் மருந்துகளுள் ஒன்றாகக் கொண்டோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் வரலாற்றை எழுத எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுகின்றோம்.

எமது ஊர், பூவராகப் பெருமாள் கோயிலாற் புகழ்பெற்ற ஸ்ரீமுஷ்ணம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு எம் பாட்டனாருக்குக் கடுஞ்சுரமும் மேல்வயிற்றிற் பொறுக்கலாகா வலியும் கண்டன. வயிறு கல்போல் இறுகிற்று. குடலில் ஏதோ கேடு நேர்ந்ததென்றும், விடியுமுன் கத்தி வைத்தல் வேண்டுமென்றும் சுற்றத்தார் அஞ்சினர். வண்டி பிடித்து மருத்துவமனைக்கு விரைந்தோம். ஆண்டு இளைய மருத்துவர் ஒருவர் கட்டிலருகே அமர்ந்து, மூச்சை உள்ளிழுக்குங்கால் விலாவிற் குத்துகின்றதா, இருமல் எத்தனை நாளாக உளது, சளி எந்நிறம் என்று எம் ஊர்ப் பேச்சிலேயே பொறுமையாக வினவினார், மூச்சுக்களை எண்ணினார், முதுகிற் குழல் வைத்துக் கேட்டார். பின்னர் எடுத்த எக்ஸ்ரே படத்தில் வலப்பக்க நுரையீரலின் அடிப்பாகத்தே அழற்சி தெரிந்தது. நுரையீரலின் அடிப்புறத்தை அடுத்த சவ்வுக்கும் மேல்வயிற்றுச் சுவருக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. ஆகலின் நெஞ்சின் நோய் சிலபோது வயிற்று நோயாக வேடம் பூணும். கத்திக்கு வேலை இல்லாதாயிற்று. பிராணவாயுவும் கிருமிகளை ஒழிக்கும் மருந்தும் அளித்தனர். பாட்டனார் நலம்பெற்று மீண்டார்.

வீடு வந்தபின், மருத்துவமனையிற் கொடுத்த தாளைப் பாட்டியார் எம் கையில் தந்து, நோயின் பெயரைத் தமிழிற் கூறுமாறு கேட்டார். தாள் முழுதும் ஆங்கிலம். தமிழையே சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம் நாத்தடுமாறி நின்றோம். அந்நாணமே எம்மைக் கிறீன் அவர்களிடம் கொண்டு சேர்த்தது.

கிறீன் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். அவர் தம் உடன்பிறந்தாருள் ஒருவராகிய ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாதற்கு முன்னின்று உழைத்து அந்நகரிற் பெரும்புகழ் எய்தியவர். அத்தகைய குடியிற் பிறந்த சாமுவேல், இளமையிலேயே கடல் கடந்து 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன் ஜான் ஸ்கடரும் நாதன் வார்டும் அங்கே மருத்துவத் தொண்டு புரிந்திருந்தனர். கிறீன் 1848இல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, நோயாளரைப் பார்ப்பதோடு மாணாக்கருக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல் என்பதை நோக்கின், இம்முயற்சியின் முதன்மை விளங்கும்.

அக்காலத்து மருத்துவரின் நிலையை நண்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எக்ஸ்ரே கதிர் அறியப்பட்டது 1895இல். பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல். ஈதர் என்னும் மயக்க மருந்தைப் பாஸ்டன் நகரில் வெளிப்படையாகக் காட்டியதோ, கிறீன் யாழ்ப்பாணம் அடைதற்கு ஓராண்டு முன்னர்த்தான். நெஞ்சின் ஒலியைக் கேட்டற்கு 1816இல் லேன்னெக் கண்ட குழல் இருந்தது. விலாவைத் தட்டிப் பார்க்க விரலும், வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கையும் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக இருந்தது நோயாளியின் வாய்ச்சொல். இரைப்பு, இழுப்பு, குத்தல், உளைச்சல், பொருமல், எரிவு என நம் மக்கள் தம் துன்பத்தை எத்தனை சொல்லாற் கூறுகின்றனர்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைச் சுட்டும் குறியாகலாம். நிமோனியாவும் வாந்திபேதியும் நாட்கணக்கிலோ, நாழிகைக் கணக்கிலோ உயிர்கொள்ளும் கொடு நோய்கள். அவற்றின் முன் நின்று மொழிபெயர்ப்பாளனைத் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது?

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேர்ந்தோர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடி அயலூர் செல்லக் கண்டார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு உதவுவர் எனத் துணிந்தார். 1857இல் தாயகம் சென்று, 1862இல் மணம் புரிந்து மனைவியாருடன் மீண்ட அவர், 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழில் நடத்தினார். மாணாக்கர் மேனாட்டு உடையும் நடையும் மேற்கொள்ளுதலை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து தொண்டு செய்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கு மேற்பட்டவர்.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமன்றோ? தாமே மொழிபெயர்த்தும், மாணாக்கரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்துத் திருத்தியும் அவர் வெளிப்படுத்தியவை 4000 பக்கங்களுக்கு மேற்படும். 1857இற் பிரசவ வைத்தியம் வந்தது. 1867இல் இரணவைத்தியம் வந்தது. 1872இல், கிரே என்பார் எழுதிய புகழ்மிக்க உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரோடும், ஹூப்பரின் நோய் சிகிச்சை நூல் வைத்தியாகரம் என்னும் பெயரோடும் தமிழில் வெளிவந்தன. அங்காதிபாதம் என்னும் பெயரைக் கேட்பின், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கியம் நம் நினைவிற்கு வரும். முடி முதல் அடி வரை பாடிய புலவர் மரபை உடலை அறுத்து ஆராயும் சாஸ்திரத்தோடு இணைத்தாற்போன்ற அப்பெயரின் நயம் தமிழ் மாணவர்க்கு விருந்து.

கலைச்சொல் ஆக்குதற்கு அவர் கொண்ட முறையும் கருதத்தக்கது. முதலிலே தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். கிட்டாவிடின் வடமொழியை நாடினார். அங்கும் கிட்டாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயையத் திரித்துக்கொண்டார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டது இம்மூன்றாம் வழியாலாயது.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்கா திரும்பினார். எனினும் பணி ஓயவில்லை. ஊஸ்டரில் அமர்ந்து, தமிழ் பேசுவார் அருகில் இன்றியும் தமிழ் எழுதினார். மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. அந்த 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்பதே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்ட புகழ். அவ்வாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாந்திபேதியின் கிருமியைப் பற்றி உலகுக்கு அறிவித்திருந்தார். புதிய மருத்துவம் கதவு திறந்த வேளையிற் பழைய தொண்டர் விடைபெற்றார்.

கிறீன் அவர்களிடம் குறையே இல்லை என யாம் கூறோம். அவர் நூற்சொற்களுட் பல வடமொழி மிகுந்து இன்று நமக்குக் கடினமாயுள்ளன. மருத்துவ அறிவோ அந்நூல்களைக் கடந்து நெடுந்தூரம் சென்றுவிட்டது. தமிழ்வழி வகுப்பும் அவருக்குப்பின் நிலைபெறவில்லை. ஆயினும் மானிப்பாயில் மருத்துவமனை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் எழுப்பிய வினாவும் நம்முன் நிற்கின்றது. நோய் தமிழில் வருந்துகின்றது. மருத்துவம் மட்டும் ஏன் தமிழில் விடை கூறலாகாது?

பாட்டியார்க்கு யாம் பின்னர் விடை கூறினோம். நுரையீரல் அழற்சி என்றோம். அவர் சிறிது நேரம் எண்ணி, மூச்சுப் பை வெந்துபோயிற்று என்கிறாயா என வினவினார். ஆம் என்றோம். அதன்பின் மருந்து வேளை ஒன்றேனும் தவறவில்லை. தன் நோயை அறிந்தவன் பாதி நலம் பெற்றவன். அவ்வறிவை வழங்குதற்கு மருத்துவம் பயிலும் நண்பரும் தமிழ் பயிலும் நண்பரும் ஒன்றுசேர்தல் வேண்டும். அயல்நாட்டிற் பிறந்த ஒருவர் 37 ஆண்டுகள் தமிழருக்காக உழைத்தார். தமிழ் மண்ணிற் பிறந்த நாம் ஒரு தாளையேனும் தமிழாக்கித் தரலாகாதோ?