வான்வழி கண்ட ஜே. ஆர். டி. டாட்டா

1932ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் ஒன்று மேலெழுந்தது. அதில் பயணியர் எவரும் இலர். ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள அஞ்சற்பையும், இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவருமே இருந்தனர். அவ்விளைஞரே பிற்காலத்தில் இந்தியத் தொழிலுலகின் பெருந்தலைவராய் விளங்கிய ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. ஜே. ஆர். டி. என்ற மூன்றெழுத்தாலேயே நாடு அவரை அறியும்.

தொழிலதிபர் என்ற அளவில் அவரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவருடைய வான்வழி வாழ்வை மட்டுமே. ஒரே பாதையில் ஒரு மனிதர் முப்பதாண்டு கழித்தும் ஐம்பதாண்டு கழித்தும் மீண்டும் பறந்தார் என்பது எளிய செய்தியன்று.

அவர் 1904ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தையார் ஆர். டி. டாட்டா, தாயார் சூசன் பிரியேர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சின் வடகடலோரத்தில் ஹார்தலோ என்னும் ஊரில் அக்குடும்பத்திற்கு ஓர் இல்லம் இருந்தது. 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அவ்வூரில் வீடு உண்டு. அவருடைய விமானம் கடற்கரை மணலில் வந்திறங்குவதைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு வேறு எதிலும் மனம் ஒட்டாமற் போனதில் வியப்பில்லை. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவர் பெற்ற விமானி உரிமம், இந்திய பர்மா ஏரோ கிளப் வழங்கிய முதல் எண் உரிமமாகும்.

மறு ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து புறப்பட்டு மேற்கு நோக்கிச் சென்றார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானம் ஸ்பார்க் பிளக் இன்றி அங்கே முடங்கிக் கிடந்தது. தம்மிடமிருந்த உதிரிப் பிளக்குகளை ஜே. ஆர். டி. எடுத்துக் கொடுத்தார். நன்றிக்கு அடையாளமாகத் தம் மிதவை அங்கியை அவருக்கு அளித்துவிட்டு ஆஸ்பி பறந்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பிக்கே பரிசு கிட்டிற்று. அந்த ஆஸ்பியே பின்னர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். பரிசை இழந்தவரும் அதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை.

இனி 1932ஆம் ஆண்டுப் பயணத்துக்கு வருவோம். இங்கிலாந்திலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சிவரை கொணரும் அஞ்சலை நாட்டின் தென்பகுதிக்கு வானிலேயே கொண்டுசெல்லலாம் என்னும் கருத்தை முன்வைத்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. டாட்டா நிறுவனம் முதலீடு செய்தது. அரசோ மானியம் தர மறுத்தது. ஒப்புதல் பெறவே மூன்றாண்டுகள் கழிந்தன. இறுதியில் இரண்டு பஸ் மாத் விமானங்களைக் கொண்டு பணி தொடங்கிற்று. அந்நாளில் விமானத்தில் வானொலித் தொடர்பு இல்லை. வழிகாட்டும் கருவிகளும் இல்லை. ஆகமதாபாத்தில் இறங்கியபோது மாட்டு வண்டியில் கொணர்ந்த தகர டின்களிலிருந்து எரிபொருள் நிரப்பினர். மாட்டு வண்டி வந்து விமானத்திற்கு ஊட்டம் அளித்த அக்காட்சியை நினைக்கையில் நமக்குப் புன்முறுவல் தோன்றுகிறது. பகல் ஒன்று ஐம்பதுக்கு விமானம் பம்பாய் ஜுஹுவில் இறங்கிற்று. ஜுஹுவோ மழைக்காலத்தில் சேறாகிவிடும் வெறும் நிலம். அம்மாதங்களில் பணியைப் பூனாவுக்கு மாற்றினர்.

கராச்சியிலிருந்து பம்பாய்க்கு என்பதோடு பலரும் இவ்வரலாற்றை முடித்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு விடுவதற்கில்லை. பம்பாயில் அந்த அஞ்சலைப் பெற்றுக்கொண்ட வின்சென்ட், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தார். அவ்வழியின் முடிவிடம் நம் சென்னையே.

அச்சிறு பணி 1946இல் ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. 1948இல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. 1953இல் நாட்டுடைமை ஆயிற்று. அதன்பின்னும் ஜே. ஆர். டி.யே தலைவராக இருந்து அதனைப் பேணினார். 1978இல் அன்றைய மைய அரசு அவரை அப்பொறுப்பினின்றும் நீக்கிற்று. தாம் பெற்று வளர்த்த நிறுவனத்தில் தமக்கு இடமில்லை என்றபோது அவருக்கு அகவை எழுபத்து மூன்று. அவர் அடைந்த வருத்தம் சிறிதன்று. இரண்டாண்டுகளுக்குப் பின் ஆட்சி மாறியதும் இயக்குநர் குழுவில் மீண்டும் இடம் பெற்றார்.

1962இல் முப்பதாம் ஆண்டு நிறைவின்போது பழைய வழியில் ஒருமுறை பறந்திருந்த அவர், 1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மீண்டும் கராச்சியினின்றும் கிளம்பினார். பஸ் மாத் விமானத்தின் இனத்தைச் சேர்ந்த லெப்பர்டு மாத் என்னும் பழைய விமானத்தில் தன்னந்தனியாகப் பறந்தார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. நாட்டு இளைஞரிடையே ஊக்கம் குன்றிவருவதாக அவர் கருதினார். அதனை எழுப்புதலே தம் நோக்கம் என்று கூறினார். ஆனால் வழியில் ஒன்று மாறியிருந்தது. 1932இல் கராச்சியும் பம்பாயும் ஒரே நாட்டின் இரு நகரங்கள். 1982இல் அதே கடலோரத்தில் ஒரு நாட்டின் எல்லையைக் கடந்தே அவர் வரவேண்டியிருந்தது. விமானம் பழையது, விமானியும் பழையவர். நிலம் மட்டும் இரண்டாகியிருந்தது.

1992இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் அவர் காலமானார். பிறந்த பாரிசிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவ்வழியில் மற்றுமொரு பயணம் 2021ஆம் ஆண்டு அதே அக்டோபர் 15இல் நிகழ்ந்தது. இம்முறை விமானி ஒரு பெண்: ஆரோஹி பண்டிட். 2019இல் இலகுரக விமானத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்தவர் அவர். கராச்சி இப்போது அயல்நாட்டு நகரம். ஆதலின் குஜராத்தின் பூஜ் நகரிலிருந்து புறப்பட்டார். 1971ஆம் ஆண்டுப் போரில் குண்டுகளால் சிதைந்து, அருகிலிருந்த மாதாபர் ஊர்ப் பெண்கள் கூடிச் செப்பனிட்ட ஓடுபாதை அவ்வூருக்கு உரியது. ஸ்லோவேனிய நாட்டுத் தயாரிப்பான பிப்பிஸ்ட்ரெல் சைனஸ் என்னும் சின்னஞ்சிறு விமானத்தில், செயற்கைக்கோள் வழிகாட்டியைப் பயன்படுத்தாமல், ஆகமதாபாத் வழியாக அவர் ஜுஹுவை அடைந்தார். ஜே. ஆர். டி. கொணர்ந்ததைப் போன்றே அவர் விமானத்திலும் ஓர் அஞ்சற்பை இருந்தது. ஏர் இந்தியாவை டாட்டா குழுமத்துக்கே விற்பதென மைய அரசு அறிவித்து அன்றைக்குச் சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது.