யூடியூப் கவுண்ட்டர் திணறிய எண்ணும் பார்வை இழந்த ஆய்லரும்

2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டுக்காக யூடியூப் தன் கவுண்ட்டரையே பெரிதாக்க வேண்டி வந்தது. பழைய 32 பிட் கவுண்ட்டர் தொடக்கூடிய உச்சம் 2147483647, அதாவது 214 கோடிக்குக் கொஞ்சம் மேல். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கிற எண் இது. இது ஒரு பகா எண் என்று 1772-லேயே நிரூபித்துவிட்டார் லியோனார்டு ஆய்லர். அப்போது அவருக்கு வயது 65, பார்வை கிட்டத்தட்ட முழுசாகப் போயிருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707-ல் பிறந்தவர். 20 வயதில் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்கு வேலைக்குப் போனார். 1732-ல் அவர் செய்த ஒரு காரியம் முக்கியமானது. 4294967297 பகா எண்தான் என்று மேதை ஃபெர்மா நம்பியிருந்தார். அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று ஆய்லர் காட்டிவிட்டார். பெரிய ஆள் சொன்னால் மட்டும் போதாது, கணக்கு போட்டுப் பார்க்கணும்.

நம் எண்ணுக்கும் அதே கதைதான். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-ல் வெளியிட்ட பட்டியலில் அதைப் பகா எண் என்றே சேர்த்திருந்தார், நிரூபணம் இல்லாமல். (அந்தப் பட்டியலில் வேறு சில தவறுகள் இருந்தது பிற்பாடு தெரிந்தது.)

1730-களிலேயே ஆய்லரின் வலக்கண் பழுதாகியிருந்தது. 25 ஆண்டுகள் பெர்லினில் இருந்துவிட்டு 1766-ல் பீட்டர்ஸ்பர்க் திரும்பியதும் இடக்கண்ணில் புரை விழுந்தது. 1771-ல் அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை கொஞ்ச காலம் வந்து, மறுபடி போனது. அதே ஆண்டு ஊரில் பெரும் தீ. எரிகிற வீட்டிலிருந்து அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினார் பீட்டர் கிரிம் என்கிற பாசல் கைவினைஞர்.

அடுத்த ஆண்டுதான் இந்த நிரூபணம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால், 46340 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி இதற்குள்ளேயே சிக்கிவிடும். ஆனால் அந்தப் பகா எண்களே 4792 இருக்கின்றன. கண் தெரியாதவர் என்ன செய்வார்? ஆய்லர் சல்லடை போட்டார். இந்த எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும், 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மட்டுமே மீதி தரணும் என்று காட்டினார். 311 தேறும், 3, 5, 7 எல்லாம் அவுட். கடைசியில் நூறுக்கும் குறைவான பகா எண்களே மிஞ்சின. ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. முடிவைக் கடிதமாக பெர்னூலிக்கு அனுப்பினார்.

மகன்களும் உதவியாளர்களும் எழுதிக்கொள்ள, அதன் பிறகும் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. 1783 செப்டம்பர் 18 அன்று, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிய அதே நாளில் இறந்தார். அதைவிடப் பெரிய பகா எண்ணை மற்றவர்கள் கண்டுபிடிக்க, 1772-லிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.