பி. ஆர். பிஷரோட்டி

பிஷரோத் ராம பிஷரோட்டி (பெப்ரவரி 10, 1909 – செப்டம்பர் 24, 2002) இந்திய இயற்பியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். வானிலிருந்தும் விண்ணிலிருந்தும் எடுக்கப்படும் படங்களைக் கொண்டு பயிர், காடு, நீர்நிலை ஆகியவற்றின் நிலையை அறியும் தொலையுணர்வுத் துறையை நாட்டில் தொடக்கி வைத்தவர். இதனால் இந்தியத் தொலையுணர்வியலின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

கேரளத்தின் கொல்லங்கோட்டில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, சென்னை இலயோலாக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். கோடை விடுமுறைகளில் பெங்களூர் சென்று ச. வெ. இராமனிடம் ஆய்வு செய்தார். 1942 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் யாக்கோப் பியர்க்னெசின் வழிகாட்டலில் 1954 இல் முனைவர் பட்டம் பெற்றார். புனேயில் 1962 இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் இவரே. ஓய்வு பெற்றபின் 1967 இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் இணைந்தார். இவருடைய பெயரை நிலைநிறுத்திய பணி இதற்குப் பின்னரே தொடங்கியது.

தென்னை வாடல் நோய் ஆய்வு

கேரளத் தென்னைகளைத் தாக்கும் வேர் வாடல் நோய்க்கு இன்றும் மருந்து இல்லை. நோயுற்ற மரங்களைக் காலத்தோடு கண்டறிந்து அகற்றுவதே பரவலைக் குறைக்கும் வழி. தோப்புதோறும் நடந்து, மரம் மரமாகப் பார்த்து இதைச் செய்வது கடினம். விக்கிரம் சாராபாயின் ஊக்கத்தால் பிஷரோட்டியின் குழு 1970 அளவில் உலங்கு வானூர்தியிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் இத்தோப்புகளைப் படமெடுத்தது. நலமான இலை கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக எதிரொளிக்கும். இப்படச்சுருளில் அது சிவப்பாகப் பதியும். இலையின் உள்ளமைப்பு கெடும்போது அந்நிறம் மங்கும். நோயின் அறிகுறி வெளிப்படையாகத் தெரியுமுன்பே பாதிக்கப்பட்ட மரங்களை இப்படங்கள் காட்டின. நாட்டிடம் சொந்தச் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லாத காலத்தில் நடந்த ஆய்வு இது என்பது குறிப்பிடத்தக்கது.

விண்ணிலிருந்து கண்காணிப்பு

அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் 1972 சூலையில் ஏவப்பட்டது. அது 18 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தை மீண்டும் படமெடுத்ததால் மாற்றங்களை ஒப்பிட முடிந்தது. அவ்வாண்டு முதல் 1975 வரை பிஷரோட்டி அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் தொலையுணர்வு, செயற்கைக்கோள் வானிலையியல் பிரிவுகளின் இயக்குநராக இருந்தார்.

இத்துறையின் வலிமை காடுகளின் கணக்கில் வெளிப்பட்டது. அரசு ஆவணங்களில் காடு எனக் குறிக்கப்பட்ட நிலம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 23 விழுக்காடு. ஆனால் தேசியத் தொலையுணர்வு முகமை லாண்ட்சாட் படங்களைக் கொண்டு கணித்த உண்மையான மரப்போர்வை 1972–75 இல் 16.89 விழுக்காடே, 1980–82 இல் அது 14.10 ஆகக் குறைந்திருந்தது. இக்கணிப்பு பிஷரோட்டியுடையது அன்று. எனினும் அவர் வித்திட்ட துறையின் விளைச்சல் எனலாம். 1987 முதல் இந்திய வன அளவீட்டு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் வன நிலை அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. இந்தியாவின் சொந்தத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது.

பிற்காலம்

1970 இல் பத்மசிறீ விருதும், 1989 இல் உலக வானிலையியல் அமைப்பின் உயரிய பரிசும் பெற்றார். முதுமையிலும் மழைநீரைச் சேமிப்பது பற்றி எழுதி வந்தார். ஆண்டின் 8760 மணிகளுள் ஏறத்தாழ 100 மணிகளிலேயே இந்திய மழையின் பெரும்பகுதி பெய்துவிடுகிறது என்று அவர் காட்டிய கணக்கு நீர் மேலாண்மை நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.